அடிப்படையில் வேறொருவர்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. இந்த ரகத்து ஆளிடம் நீங்கள் எந்த வேலைக்காகப் போகிறீர்களோ, அந்த வேலைக்காரர் அவர் இல்லை. பல்லைக் காட்டப் போனால், அடிப்படையில் அவர் கவிஞர். கவிதை கேட்டுவிட்டு, வரி கொஞ்சம் நொண்டுகிறதே என்றால், அடிப்படையில் அவர் பல் வைத்தியர். கணக்கு வாத்தியார் அடிப்படையில் சிந்தனையாளர்; அதனால் கூட்டல் தப்பாகத்தான் வரும். குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் அடிப்படையில் ஜோதிடர். தான் போன பிறகும் குழாய் ஒழுகும் என்று அவருக்கு முன்பே தெரியும்.

உங்களுக்கும் ஒருவரைத் தெரியும். இல்லை என்று சொல்லாதீர்கள்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் வீடு வீடாகப் போய் வருகிறவள் நான். வாசல் அறையில் மனிதர்கள் மாட்டி வைத்திருப்பது விளம்பரம். படுக்கையறைக்குள் போனால்தான் சரக்கு என்னவென்று தெரியும். அப்படிப் போன வீடுகளில் இந்த ரகத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒன்றைப் பார்த்தேன். அவர் ஒரு போட்டோகிராபர். மன்னிக்க வேண்டும், பாட்டு வாத்தியார். மறுபடியும் மன்னிக்க வேண்டும். சிக்கலே அதுதான்.

ஊரில் அவரை மாஸ்டர் என்பார்கள். எந்தத் தொழிலுக்கும் பொருந்துகிற பெயர் என்பதால் அவரும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார். அவர் வீட்டு வாசல் பலகையை நின்று படிக்க முடியாது, நடந்துகொண்டே படிக்க வேண்டும். புகைப்படம், வாய்ப்பாட்டு, ஆர்மோனியம், கல்யாண வீடியோ, வயலின், மெல்லிசைக் குழு, பாஸ்போர்ட் படம், குரல் வளம், குழந்தைப் படம் என்று அது பக்கத்து வீட்டுச் சன்னல்வரை போகும். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபித்திராவிட்டால் தெருமுனையைத் தொட்டிருக்கும்.

இத்தனை தொழிலும் எப்படி வந்தன? சுலபம். ஒவ்வொரு தொழிலிலும் அவர் திட்டு வாங்கும்வரை இருந்தார். திட்டு விழுந்ததும், தான் அடிப்படையில் வேறொருவர் என்பது ஞாபகத்துக்கு வந்துவிடும். இளவயதில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவினார். மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு சதுரம் வந்தது. முதலாளி கத்தினார். "நான் அடிப்படையில கிளாரினெட் வாசிக்கிறவன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு பாண்டு குழுவில் சேர்ந்தார். அங்கே எல்லோரும் வாசித்து முடித்த பிறகு இவர் ஆரம்பித்தார். குழுத் தலைவர் முறைத்தார். இவர் சூரியன் சாய்கிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அடிப்படையில் அவர் போட்டோகிராபர் அல்லவா? உடனே சொந்தமாகக் கேமரா வாங்கினார். முதல் கல்யாணத்தில் முக்கியமான நேரம் வந்தபோது வாத்தியக்காரர்களுக்குச் சுருதி சேரவில்லை என்று அவர் காதுக்குப் பட்டுவிட்டது. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர்களைத் திருத்தப் போனார். அந்தக் கல்யாண ஆல்பத்தில் வாத்தியக்காரர்களின் பயந்த முகங்கள் அருமையாக விழுந்திருக்கின்றன. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு படத்தில், ஓரமாக, யாரோ வந்துபோன விருந்தாளிகள் மாதிரி நிற்கிறார்கள்.

பெண்ணின் அப்பா சண்டைக்கு வந்தார். என்ன பதில் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

மறுவாரம் வீட்டின் நடு அறையில் பாட்டு வகுப்பு தொடங்கியது.

இந்த ரகத்தின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். ஒரே ஒரு தொழில் தெரிந்தவன் பாவம், மாட்டிக்கொள்வான். தையல்காரன் சட்டையைக் கெடுத்தால் அவனுக்கு ஒளிய இடமில்லை. இரண்டு தொழில் உள்ளவருக்கு ஒன்றின் பின்னால் இன்னொன்று புகலிடம். ஒரு நாள் ஒரு பெண்ணின் அம்மா வந்து நின்றதை நான் உள்ளறையிலிருந்து கேட்டேன்.

"மாஸ்டர், பொண்ணு வர ஆரம்பிச்சு வருஷக்கணக்காச்சு. இன்னும் அந்த முதல் பாட்டையே முக்கிக்கிட்டிருக்கா."

"பாட்டை விடுங்கம்மா. உக்கார்ற அழகைப் பாருங்க. கழுத்து எப்படி நிக்குது!"

"கழுத்து நிக்குது. குரல்தான் எழும்ப மாட்டேங்குது."

"முகத்துல பாவம் வந்துடுச்சில்ல? குரல் பின்னாடியே வரும். நான் அடிப்படையில போட்டோகிராபர்மா. எனக்கு முகம்தான் பேசும்."

"இதைச் சேக்கும்போது சொல்லலையே?"

"சேக்கும்போது நீங்க கேக்கலையே."

அந்த அம்மா சொன்னதில் பொய்யில்லை. மாஸ்டரின் மாணவிகளுக்குப் பாட வராது. ஆனால் பாடுகிற மாதிரி உட்கார வரும். அதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. கண்ணைப் பாதி மூடி, கையைக் காற்றில் ஏந்தி, முகவாயைச் சன்னல் வெளிச்சத்துப் பக்கம் லேசாகத் திருப்பி, உச்சஸ்தாயியில் உயிர் உருகுவதைப் போல உட்காருவார்கள். வாய் மட்டும் ஒரு பட்டாணி போகிற அளவுக்குத்தான் திறந்திருக்கும். பெரிதாகத் திறந்தால் படத்தில் அசிங்கமாக இருக்குமாம். இது இப்படியென்றால், முன்னறையில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்களிடம், முகம் இளகட்டும் என்று "எங்க, ஒரு ஸா பிடிங்க" என்பார். அவர்களும் பிடிப்பார்கள். வாயைப் பிளந்துகொண்டிருக்கும் அந்தப் படங்களை எந்த அலுவலகமும் வாங்கிக்கொள்ளாது. பாட வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டும் படத்துக்கு வந்தவர்கள் வாயைத் திறந்துகொண்டும் இருந்த வீடு அது.

சரி, நான் எதற்கு அங்கே போனேன்? மாஸ்டரின் மனைவிக்காக.

அந்த அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். எப்படி உடைந்தது? மாஸ்டரின் விளக்கு ஒயர் தடுக்கி. அது ரயில் பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் உள்ள வீடு. முன்னறை ஸ்டூடியோ, நடு அறை பாட்டு வகுப்பு, கடைசியில் அந்த அம்மாவின் கட்டில். குளியலறையும் கக்கூஸும் நடு அறையின் மறுகோடியில். அதாவது கட்டிலிலிருந்து கக்கூஸுக்குப் போக வேண்டுமானால் கலையைக் கடந்துதான் போக வேண்டும். குடை விளக்கு, கேமரா முக்காலி, மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரைச்சீலை, ஆர்மோனியப் பெட்டி, பாயில் வரிசையாகப் பெண்கள், இவற்றுக்கு நடுவே தரையில் பாம்பு மாதிரி ஒயர்கள்.

"பார்த்து நடக்கத் தெரியல. பிரேம்ல என்ன இருக்குன்னே இவளுக்குத் தெரியாது" என்று விபத்தை எனக்கு விளக்கினார் மாஸ்டர்.

டாக்டர் சொன்னது இது: தினமும் நடக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது வாசலிலிருந்து டாக்டரின் மேசைக்குத் தன் காலால் நடந்து வர வேண்டும். இல்லாவிட்டால் இனி படுக்கைதான். அந்த அம்மாவின் தம்பி, மின்சாமான் கடை வைத்திருப்பவர், அப்படியானால் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் சேர்த்துவிடலாம் என்று விசாரித்தே வைத்துவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே கட்டிலோடு போகிறவர்கள் பெரும்பாலும் கட்டிலோடுதான் இருப்பார்கள். அது எனக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும்.

"நர்ஸம்மா, எனக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது" என்றார் என்னிடம். "மலை ஏற வேண்டாம். கக்கூசுக்குத் தனியாப் போகணும். கதவைச் சாத்திக்கணும். அவ்வளவுதான்."

இதைவிட நியாயமான ஆசையை நான் கேட்டதில்லை. படுக்கையில் பாத்திரம் வைத்து எடுப்பது எனக்கு வேலை. அவருக்குத் தினம் ஒரு தண்டனை.

ஆரம்பித்தோம். வாக்கரோடு நடப்பது ஒன்றும் வித்தையில்லை. முதலில் வாக்கர், அப்புறம் நோகிற கால், அப்புறம் நல்ல கால். அவ்வளவுதான். கட்டிலைச் சுற்றி நடக்க வைத்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் கதவில் சாய்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? தொடையில் தட்ட ஆரம்பித்தார்.

"நர்ஸம்மா, இது மூணுல முடியுது. நாலா இருக்கணும்."

"எது சார்?"

"தாளம். வாக்கர் ஒண்ணு, கால் ரெண்டு, கால் மூணு. நாலாவது எங்க?"

"நாலாவதுக்கு நான் என்ன பண்றது?" என்றார் மனைவி.

"ஒரு கணம் அந்தரத்துல நில்லு."

"அந்தரத்துல நின்னுதான் இவ்வளவு காலமும் இந்தக் குடும்பத்த நடத்தியிருக்கேன். இடுப்பு உடைஞ்சப்புறமாவது தரையில நிக்க விடுங்க."

அவர் விடவில்லை. முதல் காலம், இரண்டாம் காலம் என்று தட்டின் வேகத்தைக் கூட்டினார். அந்த அம்மாவின் கால்கள் தம்மையறியாமல் அதற்குப் பின்னால் ஓடப் பார்த்தன. மூன்றாம் காலத்துக்குப் போகுமுன் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

தாளத்தைச் சாத்திவிடலாம். கேமராவை என்ன செய்வது? நடு அறைக்கு முதன்முதலாக நடந்து வந்த அன்று, பாதி தூரம் தாண்டியிருப்போம்.

"அப்படியே நில்லு!"

சொன்னவர் மாஸ்டர். திரைச்சீலைக்குப் பக்கத்தில் கேமராவும் கையுமாக நின்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுப் பழகிய குரல். உத்தரவு காதில் விழுந்ததும் அந்த அம்மாவின் உடம்பு நின்றுவிட்டது. நின்றது எதில்? நோகிற காலில், முழுப் பாரமும் ஏறிய நேரத்தில். முட்டி மடங்கியது. விழாமலிருக்க அவர் இடுப்பில் கட்டியிருந்த வாரை நான் இழுத்துப் பிடித்தேன். மாஸ்டர் படத்தை எடுத்துவிட்டார்.

எடுத்ததைச் சாயங்காலம் கொண்டுவந்து காட்டினார். என் முழங்கை, அந்த அம்மாவின் அலறும் வாய், வாக்கரின் ஒரு கால்.

"பாருங்க. படத்துல உயிர் இருக்கு!"

"இருக்கு சார். பிடிச்சதால இருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மா எழுந்திருக்க மறுத்தார். உடைந்த எலும்பு ஒட்டிவிடும். உடைந்த தைரியத்துக்குத் தகடு வைக்க எந்த ஆஸ்பத்திரியிலும் ஆளில்லை. உட்கார வைத்தால் படுத்துக்கொள்வார். வாக்கரை அருகில் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். டாக்டர் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தம்பி வந்து பார்த்தார்; அக்காவைப் பார்த்துவிட்டு நடு அறையையும் பார்த்தார்.

"அத்தான், அக்கா விழுந்ததே உங்க ஒயர்ல. மறுபடியும் அதே எடத்துல லைட்டா?"

"அந்த ஒயர் கறுப்பு. இது வெள்ளை. நல்லாத் தெரியும்."

"எதுக்கு இது?"

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. மனைவி எழுந்து நடப்பதைப் படிப்படியாகப் படமெடுத்துக் கண்காட்சி வைக்கப் போகிறாராம். பின்னணிக்கு மாணவிகளின் பாட்டு. படமும் பாட்டும் ஒரே இடத்தில் சேருவதற்காகவே அவர் வாழ்க்கை இத்தனை நாளும் காத்திருந்ததாம்.

"அக்கா படுத்த படுக்கையா கிடக்கா. நீங்க கண்காட்சி வைக்கிறீங்களா?"

"உனக்குப் புரியாது. நான் அடிப்படையில ஒரு கலைஞன்."

"சரி, கலைஞரு ஒரு ஓரமா உக்காரட்டும். எங்க அக்காவுக்குப் புருஷன்னு ஒருத்தர் இருந்தாரே, அவரைக் கூப்பிடுங்க. அவர்கிட்ட பேசிக்கிறேன்."

இந்தக் கேள்விக்கு மட்டும் மாஸ்டரிடம் வேறொருவர் இல்லை. லென்ஸைத் துடைக்க வேண்டும் என்று சொல்லி முன்னறைக்குப் போய்விட்டார்.

உள்ளேயிருந்து அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். தம்பி போனபின், "விடுதியில கக்கூசு எங்க இருக்குமாம்?" என்று மட்டும் கேட்டார். கட்டிலுக்கு அடியிலேயே வைத்துவிடுவார்கள் என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அந்த அம்மா கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்.

"நர்ஸம்மா, வாக்கரை எடுங்க."

"கிளாஸ் நடக்குதேம்மா."

"அது நடக்கட்டும். எனக்கு அவசரம்."

எடுத்தேன். வாக்கர், நோகிற கால், நல்ல கால். கதவைத் தாண்டினோம். பாயில் இருந்த பெண்கள் கால்களை இழுத்துக்கொண்டார்கள். வெள்ளை ஒயரை நான் காலால் சுவரோரம் தள்ளினேன். மாஸ்டர் ஆர்மோனியத்தைப் பாதி மூச்சில் விட்டுவிட்டு எழுந்து பாய்ந்தார். கக்கூஸ் கதவுக்கு நேர் முன்னால், முக்காலியில் கேமரா ஏற்கெனவே ஏறி நின்றது. எங்கே வந்து முடிவார் என்பதைச் சரியாகத்தான் கணித்து வைத்திருந்தார்.

"அப்படியே நில்லு!"

என் கை வாரை இறுக்கியது. ஆனால் அந்த அம்மா நிற்கவில்லை. வாக்கர், நோகிற கால், நல்ல கால்.

"நில்லுன்னா நில்லு! முகத்துல வெளிச்சம் விழல. திரும்பிப் போயி, கட்டில்லேருந்து இன்னொரு தடவை வா."

வாக்கர். நோகிற கால். நல்ல கால்.

"என்னம்மா நீ, சொன்னாப் புரியாதா? நான் அடிப்படையில..."

"அடிப்படையில நீங்க என் வழியில நிக்கிறீங்க" என்றார் மனைவி. "தள்ளுங்க."

குரலை உயர்த்தவில்லை. வாக்கரின் முன்கால்கள் இரண்டும் முக்காலியில் இடித்துக்கொண்டு நின்றன. பாயில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டர் எங்களைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு முக்காலியோடு கேமராவைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

அந்த அம்மா உள்ளே போனார். என் நோயாளிகள் யாரும் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடாது என்பது என் கண்டிப்பான விதி. போட்டுவிட்டார். சத்தம் கணீரென்று கேட்டது.

வெளியே நான் ஒரு காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் கேமராவோடு நின்றார். பாய் நிறையப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படி ஒரு அமைதியை மாஸ்டர் எந்த மேடையிலும் கண்டிருக்க மாட்டார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு நின்னா எனக்கு எப்படி வரும்? பாடுங்கடி! சத்தமாப் பாடுங்க!"

பாடினார்கள். கண்ணைப் பாதி மூட மறந்து, முகவாயைத் திருப்ப மறந்து, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, வாயை அகலத் திறந்து பாடினார்கள். பாட்டு அந்த முதல் பாட்டுதான். அது முழுசாக முடிந்ததை அந்த வீட்டில் நான் கேட்டது அன்றைக்குத்தான். பார்க்கச் சகிக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

குறித்த நாளில் அந்த அம்மா டாக்டரின் மேசைக்கு நடந்தார். தம்பி விடுதிக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நடு அறையில் பாதை விட்டே தீர வேண்டும் என்று நான் மாஸ்டரிடம் சொன்னேன். விட்டார். அதற்காக அவர் திருந்திவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த ரகம் திருந்தாது, விரியும். அடுத்த வாரமே முன்னறையில் ஒரு பெரியவர் முட்டிவலியோடு உட்கார்ந்திருந்தார்.

"என் மனைவியையே தாளத்தாலதான் நடக்க வச்சேன்" என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "அடிப்படையில நான் ஒரு வைத்தியன். இத்தனை நாளும் எனக்கே தெரியாமப் போச்சு."

பெரியவர் உருகிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வாக்கரின் டொக் டொக் வந்தது. கூடவே குரலும் வந்தது.

"பெரியவரே, எழுந்து வீட்டுக்கு நடங்க. அதுதான் வைத்தியம். நடுவுல அவர் நின்னா சுத்திக்கிட்டுப் போங்க."

இதையெல்லாம் எழுதி முடித்ததும், ஒளித்து வைப்பது எனக்குப் பழக்கமில்லை, மாஸ்டரிடமே படிக்கக் கொடுத்தேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அச்சு அசலா என் மச்சினன்! மின்சாமான் கடைய வச்சுக்கிட்டு, எப்பப் பார்த்தாலும் பெரிய நீதிபதி மாதிரி நியாயம் பேசுவான்" என்றார். மச்சினன் படித்துவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார். கண்டிப்பாக இது அந்த டாக்டர்தானாம், மருந்துச் சீட்டு எழுதுவதைவிட மேடையில் பேசுவதில்தான் அவருக்கு ஆர்வமாம். டாக்டரிடம் காட்டினேன். அவர் யாரை நினைத்துச் சிரித்தார் என்பதைத் தொழில் மரியாதை கருதி இங்கே எழுதவில்லை.

நீங்களும் நடுவில் எங்கோ சிரித்திருப்பீர்கள், ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு. தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதை அவரிடம் படிக்கக் கொடுக்குமுன், அவர் யாரை நினைத்துச் சிரிப்பார் என்பதை மட்டும் ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.